விரலுக்கும் ஒலிக்கும் இடையே
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற கிறிஸ்துமஸ் வழிபாட்டில் நம் குடியிருப்புச் சிறுமி ஒருத்தி மெய்நிகர் ஆர்கன் வாசித்தாள். ஆர்கன் பின்தங்க, பாட்டு இழுபட்டது. "பெண்ணுக்குத் தாளக்கட்டு போதாது" என்றனர் சிலர். அவர்களுள் நானும் ஒருவன். அதன்பின் பல நாள் அவள் அக்கருவியைத் தொடவில்லை. குற்றம் அவள் விரலில் இல்லை என்பதைப் பின்னரே உணர்ந்தேன். அதனை உரைக்கவே இங்கு நிற்கின்றேன்.

சென்னை எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் உள்ளது போன்ற மெய்யான ஆர்கனில், காற்று குழல்களிற் புகுந்து ஒலி எழுப்பும். மெய்நிகர் ஆர்கனிலோ, அத்தகைய குழல் ஒவ்வொன்றின் ஒலிப்பதிவும் கணிப்பொறியின் நினைவகத்தில் இருக்கும். ஹாப்ட்வெர்க், கிராண்ட்ஆர்க் முதலிய மென்பொருள்கள் இவ்வாறு இயங்குவனவே. கட்டையை அழுத்தியதும் 'மிடி' முறையில் செய்தி செல்கிறது. அதற்கு ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி, அதாவது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, போதும். தாமதம் பெரிதும் அதற்குப் பின்னரே சேர்கின்றது.

ரயில்வே குடும்பத்தினராகிய நமக்கு இதனை விளக்குவது எளிது. கணிப்பொறி ஒலியைத் துளித்துளியாக அனுப்புவதில்லை. பெட்டி நிரம்பிய பின்னரே வண்டியை விடுகின்றது. அப்பெட்டியே 'பஃபர்'. விநாடிக்கு 48,000 ஒலித்துளிகள் எனின், 1,024 துளி கொள்ளும் பெட்டி நிரம்ப 21 மில்லி விநாடி ஆகும்; 256 துளிப் பெட்டிக்கு 5 போதும். ஒரு பெட்டி ஒலிக்கையில் மற்றொன்று நிரம்புவதால் உண்மைத் தாமதம் இதனினும் மிகும். ஆயினும் பெட்டியை மிகச் சிறிதாக்கினால் கணிப்பொறி ஈடுகொடுக்க மாட்டாது. ஒலியில் படபடவென்று வெடிப்பு எழும்.

அடுத்தது தொலைவு. நம் லாலாகுடா ரயில்வே பட்டறையில், எட்ட நின்று பார்ப்போர்க்குச் சம்மட்டி விழுவது முன்னர்த் தெரியும். ஓசை பின்னர்க் கேட்கும். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டரே செல்லும். பத்து மீட்டர் கடக்க 29 மில்லி விநாடி வேண்டும்.

அச்சிறுமியின் கருவியைச் சோதித்தோம். பெட்டி 1,024 துளி. ஒலிபெருக்கி பத்து மீட்டர் அப்பால். இணைப்போ கம்பியில்லாத புளூடூத்; அது ஒன்றே நூறு மில்லி விநாடிக்கு மேலும் தாமதம் தரவல்லது. மூன்றும் கூடின், எவ்வளவு தேர்ந்த கையும் தடுமாறும்!

செய்ய வேண்டுவன இவை. முதலில் புளூடூத்தை நீக்கிக் கம்பியை இணையுங்கள். ஒலிபெருக்கியை வாசிப்பவர் அருகே வையுங்கள். விண்டோஸ் கணிப்பொறியாயின் 'ஆசியோ' ஒலி இயக்கியைத் தெரிந்தெடுங்கள். பெட்டியின் அளவைப் படிப்படியாகக் குறையுங்கள். வெடிப்பு எழுந்தால் ஒரு படி ஏறி நில்லுங்கள். வாசிக்கும்போது பிற வேலைகளையும் மின்சேமிப்பு அமைப்பையும் நிறுத்துங்கள். ஒலிப்பதிவே தேவாலயத்தின் கோடியில் செய்யப்பட்டதாயின் அத்தொலைவின் தாமதமும் அதில் அடங்கியிருக்கும். குழலருகே பதிந்ததைத் தேர்ந்தால் அது குறையும்.

தாமதம் முற்றும் நீங்காது. பெரிய தேவாலயங்களில் குழல்கள் எட்டவே இருக்கும்; கலைஞர் அதற்கேற்பச் சற்று முந்தி வாசிக்கப் பழகுவர். மாறாத தாமதத்தைக் கை கற்றுக்கொள்ளும். ஒரு சுரத்துக்கு ஓரளவு, மறு சுரத்துக்கு வேறளவு என மாறுவதை எக்கையும் கற்காது.

ஈஸ்டர் வழிபாட்டில் அச்சிறுமியே மீண்டும் வாசித்தாள். 256 துளிப் பெட்டி, கம்பி இணைப்பு, இரண்டு மீட்டரில் ஒலிபெருக்கி. பாட்டும் ஆர்கனும் கைகோத்து நடந்தன. வழிபாடு முடிந்ததும் அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன்.

அன்பர்களே! பிள்ளையின் கையைக் குறைகூறுமுன் கருவியை அளந்து பாருங்கள். இவ்வளவே என் வேண்டுகோள்.