முன் அக்சல் முறிந்தால் எதைப் பார்த்து மாற்றுவது?

(தோட்டங்களிலிருந்து தொழில் பழக வந்த இளைஞர்களுக்கு உடுவிலில் நிகழ்த்திய பேச்சு)



உடுவிலில் ஏறுவதற்கு ஒரு மலையும் இல்லை. சுன்னாகம் பக்கம் போனாலும் மானிப்பாய் பக்கம் போனாலும் மட்டமான செம்மண் தரைதான். மலைநாட்டு வண்டியைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் பழைய வண்டியைக் கைவிடாமல் ஓட்டுவது இந்த மண்ணுக்குப் பழகிய வேலை. 1990இல் சண்டை மீண்டும் தொடங்கிப் பொருளாதாரத் தடை வந்தபோது, குடாநாட்டில் பெற்றோலுக்கும் உதிரிப்பாகத்துக்கும் பெரும் தட்டுப்பாடு. ஒஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர் கார்களைச் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கழற்றிய பாகத்தை எறியாமல் அளந்து பார்க்கும் பழக்கம் அந்தக் காலம் தந்தது. அதைத்தான் இன்றைக்கு உங்களோடு பகிர்கிறோம்.

2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. பழைய வண்டிக்கு ஓய்வு கிடைக்கவில்லை. பழைய லாண்ட் ரோவரையே உதாரணமாக எடுப்போம்.

முன் அக்சல் சாப்ட் முறிந்தால் பலர் சொல்வது என்ன? "முன்னுக்கு இல்லாட்டி என்ன, பின்னுக்கு இழுக்குதுதானே!" முறிந்த துண்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, அப்படியே ஆட்களை ஏற்றி ஓட்டுவார்கள். இது ஆபத்து. ஏன் என்று கேளுங்கள்.

லோ கியர் போட்டு இறக்கத்தில் வரும்போது எஞ்சினின் பிடி நாலு சக்கரத்துக்கும் போகவேண்டும். முன்பக்கம் இல்லையென்றால் பின் சக்கரங்கள் மட்டுமே பிடிக்கும். இறக்கத்தில் பாரம் முன்னுக்குத் தள்ளும். பின் டயர் ஈர மண்ணில் வழுக்கும். இன்னொன்று, பழைய லாண்ட் ரோவரின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர்ப்பெட்டிக்குப் பின்னால், பின் அக்சலுக்குப் போகும் தண்டைத்தான் பிடிக்கிறது. பின் சாப்ட் ஒன்று முறிந்தால், ஹேண்ட் பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் வண்டி உருளும். நாலு சக்கரமும் சேர்ந்திருந்தால் முன் அக்சல் தாங்கும். அங்கேயும் சாப்ட் இல்லையென்றால், கால் பிரேக்கை விட்டு டிரைவர் இறங்கியதும் வண்டி போய்விடும். பின்னால் கொழுந்து மூட்டைகளோடு இருப்பவர்கள் உங்கள் அம்மாமார், அக்காமார்.

சரி, மாற்றுச் சாப்டை எப்படித் தெரிவது? முறிந்த துண்டுகள் எல்லாவற்றையும் கடைக்குக் கொண்டுபோங்கள். வண்டியின் வருடத்தை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். இத்தனை காலத்தில் யாராவது அக்சலையே மாற்றியிருக்கலாம்.

முதலாவது, பல்லை எண்ணுங்கள். பழைய லாண்ட் ரோவர்களில் டிபரன்சியல் பக்கம் 10 பல். பின்னர் வந்தவற்றில் 24 பல். பார்வைக்கு ஒத்திருந்தாலும் ஒன்று மற்றதில் இறங்காது.

இரண்டாவது, நீளம். டிபரன்சியல் நடுவில் இல்லை, ஒரு பக்கம் தள்ளி இருக்கிறது. ஆகவே இடது வலது இரண்டும் ஒரே நீளம் அல்ல.

மூன்றாவது, சக்கரம் திரும்பும் இடத்திலுள்ள மூட்டு. பழையதில் யூ ஜொயின்ட். 1983இல் வந்த 110 வண்டியில் சீ.வீ. ஜொயின்ட். இதற்கு அதைப் போட முயலவேண்டாம்.

நான்காவது, பாவித்த சாப்ட் வாங்கினால் பல் வரிசையை நேராகப் பிடித்துப் பாருங்கள். வரிகள் முறுக்கிய கயிறுபோலச் சாய்ந்திருந்தால் அது ஏற்கெனவே களைத்த இரும்பு. ஒயில் சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தடுத்தால் ஒயில் ஒழுகும்.

முறிந்ததை ஒட்டவைத்து ஓட்டவேண்டாம். ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் சூடு பட்ட இரும்பு மீண்டும் முறியும். சாதாரண இரும்பை லேத்தில் கடைந்து போடுவதும் அப்படித்தான். சாப்டுக்கு வேண்டியது கலப்பு உருக்கு, அதுவும் முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்தியது.

முறிந்த முகத்தையும் பாருங்கள். நத்தை ஓட்டில் இருப்பதுபோல வளையம் வளையமாக வரி இருந்தால் வெடிப்பு நெடுநாளாக வளர்ந்திருக்கிறது. மற்றப் பக்கத்தையும் கழற்றிப் பார்க்கவேண்டும். முழுதும் சொரசொரப்பாக இருந்தால் ஒரே அடியில் முறிந்தது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துக்கொண்டு பள்ளத்திலிருந்து உறுக்கி ஏற்றினால் அப்படி நடக்கும். காய்ந்த தார் ரோட்டில் நாலு சக்கரத்தையும் சேர்த்து ஓட்டினாலும் சாப்ட் முறுகும். முன்னும் பின்னும் வேறு அளவு டயர் போட்டாலும் அதே கதைதான்.

பூட்டுமுன் டிபரன்சியலுக்குள் கிடக்கும் இரும்புத் துண்டுகளைக் காந்தம் விட்டு எடுங்கள். ஒரு சின்னத் துண்டு போதும், உள்ளே இருக்கும் பல்சக்கரத்தைத் தின்றுவிடும். சீலையும் ஒயிலையும் புதிதாகப் போடுங்கள்.

கடைசியாக ஒரு சொல். புது சாப்ட் போட்டாலும் மேட்டில் வண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். துரை அவசரப்படுத்தினாலும் சரி, மழை வந்தாலும் சரி, கல் வைத்த பிறகுதான் ஆட்கள் இறங்கவேண்டும், ஏறவேண்டும்.