பிளஸ் டூவுக்குப் பிறகு: தொழிற்கல்வியின் வாசல்

(கொட்டிவாக்கத்தில் பெற்றோர், மாணவர் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)





ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ முடிவு வந்ததும் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் இரண்டே கேள்விகள் கேட்கிறார்கள். ஒன்று, "பி.இ. சேர்க்க டிரஸ்டிலிருந்து எவ்வளவு கிடைக்கும்?" மற்றொன்று, "மார்க் குறைவாக இருக்கிறது, எங்காவது கடையில் வேலைக்குச் சொல்ல முடியுமா பாய்?" இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய வாசல் திறந்திருக்கிறது. அதைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் இன்று அதைப் பேச எடுத்துக்கொண்டோம்.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு, மாநிலத்தின் சராசரி 73.5 விழுக்காடுதான். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களில் நாம் முன்னால் இருந்தோம். ஆனால் 2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. இந்திய அளவில் 20 வயதைக் கடந்தவர்களில் பட்டமோ டிப்ளமோவோ பெற்றவர்கள் சுமார் 7 விழுக்காடு. முஸ்லிம்களில் 4 விழுக்காட்டுக்கும் குறைவு. பள்ளிக்கூடம் வரை போகிறோம், அதற்குப் பிறகு நின்றுவிடுகிறோம் என்பதுதான் இதன் பொருள். அப்படி நிற்கிற இடத்தில்தான் ஒரு பையனின் அடுத்த நாற்பது வருஷச் சம்பாத்தியம் முடிவாகிறது.

கைத்தொழில் என்றால் நம்மில் சிலருக்கு முகம் சுளிக்கிறது. பெண் பார்க்கும் இடத்தில் "மாப்பிள்ளை ஐ.டி.ஐ." என்று சொல்லத் தயங்குகிறார்கள். தாவூத் நபி (அலை) அவர்கள் அரசராக இருந்தும் இரும்பைக் கொண்டு கவசம் செய்து தம் கை உழைப்பில் உண்டார்கள். ஸக்கரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள். நபிமார்கள் செய்த வேலையில் நமக்கு என்ன கூச்சம்?

இனி விஷயத்துக்கு வருவோம். நம் வீட்டு வாசலிலிருந்து பஸ்ஸில் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய தரமணியில் மத்திய பாலிடெக்னிக் கல்லூரி இருக்கிறது. 1916இல் மெட்ராஸ் டிரேட்ஸ் ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கிய அரசு நிறுவனம் அது. அதே வளாகத்தில் டாக்டர் தர்மாம்பாள் அரசு மகளிர் பாலிடெக்னிக் கல்லூரியும், அச்சுத் தொழில், ரசாயனம், நெசவு ஆகியவற்றுக்கான தனித்தனி அரசு நிறுவனங்களும் உள்ளன. பாலிடெக்னிக் என்றால் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் அல்லது தொழிற்பிரிவு படித்துத் தேறியவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டே வருஷத்தில் டிப்ளமோ கையில் வரும். அதற்கு மேலும் படிக்க ஆசை இருந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழி உண்டு. ஆகவே டிப்ளமோ எடுத்தால் பொறியியல் கனவு போய்விட்டது என்று யாரும் வருந்த வேண்டியதில்லை.

அடுத்தது ஐ.டி.ஐ. திருவான்மியூரிலும் கிண்டியிலும் அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. கிண்டியில் பெண்களுக்கென்று தனியாகவும் உண்டு. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், வெல்டர், ஏ.சி. மெக்கானிக் போன்ற பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பே போதும். பிளஸ் டூவில் ஒரு பாடம் போய்விட்டது என்று வீட்டில் முடங்கிக் கிடக்கும் பிள்ளைகளே, உங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இன்னும் செல்லும் என்பதை மறக்காதீர்கள். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை; மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், பஸ் பாஸும், சீருடையும் தருகிறார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் எத்தனை கண்ணாடிக் கட்டடங்கள்! ஒவ்வொன்றிலும் ஏ.சி., லிஃப்ட், ஜெனரேட்டர் ஓடுகிறது. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

வளைகுடாவுக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கையில் எந்தச் சான்றிதழும் இல்லாமல் போகிறவருக்கு 'ஹெல்ப்பர்' வேலைதான் கிடைக்கும். ஐ.டி.ஐ. சான்றிதழோடும் அனுபவத்தோடும் போகிறவர் எலக்ட்ரீஷியனாக, டெக்னீஷியனாகப் போகிறார். அதே வெயில்தான், அதே கம்பெனி கேம்ப்தான். சம்பளமும் மரியாதையும் வேறு.

அறிவியல் பாடம் படித்தவர்களுக்கு டி.ஃபார்ம். இருக்கிறது, இரண்டு வருஷம். மருந்துக்கடையில் மருந்து கொடுப்பதற்குப் பதிவு பெற்ற மருந்தாளுநர் இருந்தாக வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம் முதலான சட்டங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு. அதனால் இந்தப் படிப்புக்குச் சொந்தக் கடை வைக்கும் வழியும் உண்டு. மூன்று வருஷ நர்ஸிங் டிப்ளமோ, ஆய்வகத் தொழில்நுட்ப டிப்ளமோ ஆகியவற்றை அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே படிக்கலாம்.

தோல் தொழிலை நாம் மறக்கலாமா? வாணியம்பாடி, ஆம்பூர், பெரியமேடு என்று நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் செய்த வியாபாரம். 1948இல் அமைந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாறிலும், 1957இல் தொடங்கிய மத்திய காலணிப் பயிற்சி நிலையம் கிண்டியிலும் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்தவர்களுக்குக் காலணி தயாரிப்பிலும் வடிவமைப்பிலும் டிப்ளமோ அங்கே உண்டு. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நம் பகுதிப் பிள்ளைகளில் பலர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை.

சம்பாதித்துக்கொண்டே கற்க வேண்டிய நிலையில் உள்ள வீடுகளுக்கு 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. 2019இல் திருத்திய விதிகள் பிளஸ் டூ முடித்த பழகுநருக்கு மாதம் 7,000 ரூபாய்க்குக் குறையாமல் உதவித்தொகை தர வேண்டும் என்று நிர்ணயித்தன. பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆண்டுதோறும் இப்படிப் பழகுநர்களை எடுக்கிறது. அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க ஆயத்தமாக இருங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இட ஒதுக்கீடு உள்ளது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், மாப்பிள்ளை, தக்கனி, தூதேகுலா, அன்சார், ஷேக், சையத் பிரிவினர் இதில் வருவார்கள். சான்றிதழில் 'பி.சி.எம்.' என்று சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் விண்ணப்ப நேரம் வரை காத்திருக்காமல் இப்போதே இ-சேவை மையத்தில் மனு கொடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலோ, உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் இது பொருந்தும்.

பெண் பிள்ளைகளின் பெற்றோரிடம் குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறோம். "கல்யாணம் ஆகும் வரை ஏதாவது படிக்கட்டும்" என்று சொல்லாதீர்கள். கணவர் நோயில் விழுந்து, அல்லது வஃபாத்தாகி, இரண்டு பிள்ளைகளோடு டிரஸ்டுக்கு வரும் சகோதரிகளை நாங்கள் பார்க்கிறோம். கையில் ஒரு டிப்ளமோ உள்ள சகோதரி வேலைக்குச் சிபாரிசு கேட்டு வருகிறார். இல்லாதவர் மாதாந்திர அரிசிக்குப் பெயர் எழுத வருகிறார். இரண்டு பேருக்கும் நாங்கள் உதவுகிறோம்; ஆனால் நம் மகள் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதை இப்போதே நாம்தான் தீர்மானிக்கிறோம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. மாடியில் இரண்டு அறை எடுத்து, "ஆறு மாதத்தில் நர்ஸ், நூறு சதவீத வேலை" என்று போர்டு மாட்டியிருக்கும் இடங்களில் பணத்தைக் கட்டிவிட்டு வருகிறவர்கள் உண்டு. பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: சான்றிதழ் யார் பெயரில் வரும்? எந்த அரசு அமைப்பு அங்கீகரித்திருக்கிறது? அந்த அங்கீகாரக் கடிதத்தைக் காட்ட முடியுமா? ஐ.டி.ஐ. என்றால் மத்திய அரசின் டி.ஜி.டி., பாலிடெக்னிக் என்றால் ஏ.ஐ.சி.டி.இ., நர்ஸிங் என்றால் நர்ஸிங் கவுன்சில், டி.ஃபார்ம். என்றால் பார்மசி கவுன்சில். கடிதத்தைக் காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். அசல் சான்றிதழ்களை எக்காரணம் கொண்டும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.

விண்ணப்பம் நிரப்ப, சான்றிதழ் சரிபார்க்க, எந்தப் படிப்பு என்று குழம்பினால் உட்கார்ந்து பேச, டிரஸ்ட் அலுவலகம் திறந்தே இருக்கும். வட்டிக் கடனுக்குப் போக வேண்டாம். கட்டணத்துக்குத் தட்டுப்பாடு என்றால் கர்ழே ஹஸனாவாகக் கேளுங்கள், முடிந்ததைச் செய்கிறோம். வசதியுள்ளவர்கள் இந்த ஆண்டு ஜகாத்திலிருந்து ஒரு ஏழைப் பிள்ளையின் படிப்பை ஏற்றுக்கொள்ளலாம். அந்தப் பிள்ளை படித்து வேலைக்குப் போனால், இன்ஷா அல்லாஹ், நாளை ஜகாத் கொடுக்கும் கையாக வருவான்.

நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, பரக்கத்தான ரிஸ்கையும் பயனுள்ள கல்வியையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.