இரண்டு கையெழுத்துக்கள்



நவீன நாடகத்தில் பெண்ணின் தனித்துவம் பற்றிப் பேசுவோர் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தை மறப்பதில்லை. 1879 டிசெம்பரில் கொப்பன்ஹேகனில் முதன்முதலாக மேடையேறிய நாடகம் அது. கணவனின் சம்மதமின்றி மனைவி கடன் பெற முடியாத அக்காலத்தில், நோயுற்ற கணவனைக் காப்பாற்றத் தந்தையின் கையெழுத்தைத் தானே இட்டுக் கடன் பெறுகிறாள் நோரா. உண்மை வெளிப்பட்டபோது கணவனுக்குத் தன் மானமே பெரிதாகிறது. நோரா வீட்டை விட்டு வெளியேறுகிறாள்.

பிள்ளைகளைப் பிரியும் தாயாக நடிக்க ஜெர்மனிய நடிகை ஒருவர் மறுத்ததால், 1880இல் இப்சனே முடிவை மாற்றி எழுத நேர்ந்தது. அதைத் தம் நாடகத்துக்கு இழைக்கப்பட்ட கொடுமையாகவே அவர் கருதினார்.

இனி நமது மலையகத்துக்கு வருவோம். மாசி மாதக் காமன் கூத்தில், மன்மதனை இழந்த ரதி புலம்புகிறாள். அந்த ரதியாக ஆடியவர்கள் மரபாக ஆண்களே. பெண்ணின் துயரம் அரங்கில் இருந்தது. பெண்ணோ பார்வையாளர் பக்கத்தில் இருந்தாள். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களிலே எழுந்து நின்று பாடியது எத்துணை துணிவு என்பது இப்போது விளங்கும்.

கொழுந்து பறிக்கும் நம் பெண் தானே உழைப்பவள். 1984இல் ஆணுக்குச் சமமான நாட்சம்பளமும் பெற்றாள். ஆயினும் அச்சம்பளத்தைக் கணவனோ தந்தையோ கையெழுத்திட்டுப் பெற்றுச்செல்லும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. நோரா ஆணின் கையெழுத்தை இட்டாள், அது குற்றமாயிற்று. இங்கே பெண்ணுக்குரிய இடத்தில் ஆண் கையெழுத்திட்டான். அது குடும்ப ஒழுங்காயிற்று.

இதையே கருவாக்கி மாணவிகளுக்காக ஒரு நாடகம் எழுதினேன். தன் சம்பளத்தைத் தானே வாங்குவேன் என்கிறாள் நாயகி. பெற்றோர் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி, இறுதிக் காட்சியில் அவளை மன்னிப்புக் கேட்க வைத்தேன். ஒத்திகையின்போது நாயகியாக நடித்த மாணவி கேட்டாள்: "அவ என்னா தப்பு செஞ்சா, சேர்?"

நான் பதில் சொல்லவில்லை. மேடையில் அவள் மன்னிப்புக் கேட்டாள். சபையினர் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் இன்றும் என்னை உறுத்துகிறது. இப்சனை மாற்ற வைத்தது ஒரு நடிகையின் மறுப்பு. என்னை மாற்ற வைத்தது என் சொந்த அச்சமே.

சமூக விழுமியங்கள் வேண்டாம் என்பதல்ல என் வாதம். குடும்பப் பாசமும் பெரியோரை மதித்தலும் லயத்து வாழ்வைத் தாங்கி நின்றவை. ஆனால், ஒருத்தியின் உழைப்பை அவள் கையில் கொடுத்தால் உடைந்துவிடும் ஒன்றை விழுமியம் என்று சொல்லலாமா? மலையகத்து நாடகம் அந்தக் கேள்வியை மன்னிப்புக் கேட்காமல் கேட்க வேண்டும்.