வீட்டிலிருந்தே ஊர் வரலாறு தேடலாம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



முதலில் ஒரு தப்பை ஒப்புக்கொள்கிறேன். இங்கே படித்தபோது கல்லூரி மலரில் ஊர் வரலாறு எழுதினேன். கடையநல்லூருக்கு 1904-இல் ரயில் வந்தது என்று அடித்துச் சொல்லியிருந்தேன். ஆதாரம் என் தாத்தா. போன வருஷம் வரலாறு படிக்கும் தங்கை ஒருத்தி போன் பண்ணி, "அண்ணே, உங்க கட்டுரையை என் ஆய்வேட்டிலே போட்டுட்டேன். சார் ஆதாரம் கேட்காங்க, எங்கேண்ணே இருக்கு?" என்றாள். எனக்கு வியர்த்துவிட்டது. சமர்ப்பிக்க இன்னும் பத்தே நாள்.

சென்னைக்கு ஓடி, கன்னிமாரா நூலகத்தில் உட்கார நேரமில்லை. அன்று ராத்திரியே இணையத்தில் தேடினோம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகத்தில் பழைய நூல்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். காசு கிடையாது. ஆனால் ஆங்கில ஆவணங்களில் 'திருநெல்வேலி' என்று தட்டினால் ஒன்றும் வராது. வெள்ளைக்காரன் எழுதியது 'டின்னவேலி'. நம்ம ஊர்ப் பெயருக்கும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல். தென்காசி மாவட்டம் பிறந்ததே 2019-இல்தான். அந்தப் பெயரில் தேடிப் பயனில்லை. இன்னொன்று, மங்கலான அச்சைக் கம்ப்யூட்டர் தப்பாகப் படிக்கும். தேடலில் வரவில்லை என்றால் புத்தகத்தில் இல்லை என்று அர்த்தமில்லை. பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்கத்தைப் புரட்டத்தான் வேண்டும். நான் பொறியாளன், இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சம்தான்!

எச்.ஆர். பேட் எழுதி 1917-இல் வெளிவந்த திருநெல்வேலி கெஜட்டியர் கிடைத்தது. அதில் தென்காசி வழியாகச் செங்கோட்டை போகும் ரயில் இருக்கிறது. நம்ம ஊருக்கு ஓடும் ரயில் இல்லை. 1904 என்பது மலையைக் குடைந்து கொல்லம் வரை போன பாதைக்கு உரிய ஆண்டு. நம் ஸ்டேஷன் இருப்பது விருதுநகர் - தென்காசிப் பாதையில். பழைய ரயில்வே அறிக்கையைப் பார்த்தால், அது திறந்தது 1927.

தாத்தா பொய் சொல்லவில்லை. அவருடைய அப்பா வண்டி கட்டிக்கொண்டு தென்காசி போய் ரயில் பார்த்த கதையைத்தான் சொல்லியிருக்கிறார். நான்தான் இரண்டு பாதையையும் ஒன்றாக்கிவிட்டேன்.

கோட்டையூர் ரோஜா முத்தையா ஒரு தனி மனிதராகச் சேர்த்த நூல்கள் 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிற்கின்றன. மதுரைத் திட்டம் 1998 முதல் இலக்கியங்களை இலவசமாகத் தருகிறது. யாழ்ப்பாண நூலகம் 1981-இல் எரிந்ததை அறிந்தவர்களுக்கு, 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் அருமை புரியும். உள்ளூர்க் கிளை நூலகத்தையும் விட்டுவிடாதீர்கள். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், உரிமையோடு போய்க் கேட்கலாம்.

தங்கை ஏட்டைத் திருத்திச் சமர்ப்பித்துவிட்டாள். அடிக்குறிப்பில் என் பெயரும் இருக்கிறது, 'தவறான தகவல்' என்ற சொல்லோடு.