ஈகைக்குச் சட்டம் வெட்டிய வாய்க்கால்



முல்லைக்குத் தேரீந்த பாரியை எச் சட்டமும் ஏவவில்லை. ஈத்துவக்கும் உள்ளமே ஏவிற்று. இற்றை நாளிலோ, பெருநிறுமங்களின் கொடை எவ்வூர்க்குச் செல்லும், எவர் கையை அடையும் என்பனவற்றைச் சட்டத்தின் ஓரிரு சொற்களே முடிவு செய்கின்றன.

2013-ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, 2014 ஏப்பிரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 500 கோடி உருபா நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுவரவு, 5 கோடி நிகர ஈட்டம் ஆகியவற்றுள் ஒன்றேனும் உடைய நிறுமம், முந்தைய மூவாண்டு ஈட்டத்தின் நிரவலில் 2 விழுக்காட்டைக் குமுகாயப் பணிக்குச் செலவிடல் வேண்டும் என்றது அது. செலவிடாதார் கரணியம் கூறினாலே தொடக்கத்தில் போதுமானதாக இருந்தது. 2021 சனவரி 22-இல் அந் நெகிழ்வு நீங்கிற்று. எஞ்சிய தொகையைச் சட்டம் சுட்டிய கணக்கிலோ நிதியத்திலோ செலுத்தல் வேண்டும். தவறின் தண்டம் உண்டு. கொடை கடனாயிற்று!

வரிச் சட்டமும் தன் பங்கிற்கு ஒன்று செய்தது. இச் செலவை வணிகச் செலவாகக் கழித்தல் கூடாதென 2014-இல் விதித்தது. ஆகவே, அப் பொறை பங்குடையோர் ஈட்டத்தையே குறைக்கின்றது.

அப் பணம் செல்லுமிடம் யாது? நிறுமம் இயங்கும் இடத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் முதற்கண் நோக்குக என்கின்றது சட்டம். ஆலைப் புகையை ஏற்கும் ஊர்க்கு அதன் ஈட்டத்திலும் பங்கு வேண்டுமென்பது நேரிய கருத்தே. ஆயின், விளைவு? ஆலைகள் மலிந்த மராட்டியம் மிகுதியாகப் பெறுகின்றது. ஆலைகள் அருகிய வடகிழக்கு மலைநாடுகள் சிறுதுளியே பெறுகின்றன. நனைந்த வயலிலேயே மீண்டும் மழை!

அறநிலையங்களின் நிலையும் எண்ணத் தக்கது. 2021 ஏப்பிரல் முதல், நிறுமங்கள் இப் பணியைத் தாமே நடத்தலாம், அன்றேல் நடுவணரசிடம் பதிவு பெற்ற அமைப்பின் வழியாக நடத்தலாம். தனித்தியங்கும் அமைப்பாயின், மூவாண்டுப் பணிச்சான்றும் வரிவிலக்குப் பதிவும் வேண்டும். பதிவுப் படிவத்திற்குக் கணக்காய்வர் போன்றார் சான்றும் வேண்டும். போலிகளைத் தடுக்க இவை தேவையே. ஆனால், திண்ணையில் ஏழைச் சிறார் இருபதின்மர்க்கு எழுத்தறிவிக்கும் சிற்றூர்க் கழகம் இத்தனை படிகளை எங்ஙனம் ஏறும்?

சட்டத்தை வெறுத்தல் தீர்வன்று, திருத்தலே தீர்வு. ஆலையில்லா மாவட்டங்கட்கு ஒரு பங்கு ஒதுக்கப்பெறல் வேண்டும். பதிவுப் படிவங்கள் அவ்வம் மக்கள் மொழியில் அமைதல் வேண்டும். சிற்றமைப்புகட்குப் படிகள் தாழ்த்தப்பெறல் வேண்டும். பாரியின் உள்ளத்தைச் சட்டத்தால் படைத்தல் இயலாது. ஆயினும், வறண்ட நிலம் நோக்கி வாய்க்கால் வெட்டச் சட்டத்தால் இயலும். அதனை வெட்டுமாறு கேட்பது மக்கள் கடன்!