நலவாழ்வுப் படிப்பும் நம் கல்லூரியும்

(சங்கத்தின் ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உடல்நலத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பாயசம் இரண்டாம் முறை வாங்கியவர்கள் பயப்பட வேண்டாம். நான் யாரையும் திட்டப் போவதில்லை. திட்டினால் யாரும் மாறுவதில்லை என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் தனியாக ஒரு படிப்பே படித்தேன்!

இங்கே விலங்கியல் முடித்துவிட்டு, காந்திகிராமத்தில் சுகாதாரக் கல்வி டிப்ளமோவில் சேர்ந்தேன். ஊரில் மாமா கேட்டார்: "என்னம்மா, டாக்டருக்கா படிக்கிறே?" "இல்லீங்க மாமா." "அப்ப நர்ஸா?" "அதுவும் இல்லீங்க." "பெறகு ஆஸ்பத்திரியில உனக்கு என்னதான் வேலை?" "ஆஸ்பத்திரிக்கு ஆள் வராம பாத்துக்கிறதுதான் மாமா வேலை." "வெளங்கிரும்" என்று சொல்லிவிட்டு அவர் வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

காந்திகிராமம் 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரன் அவர்களும் தொடங்கியது. அங்குள்ள கிராமியச் சுகாதார நிறுவனம் 1964-இல் ஏற்பட்டது. அன்று சுகாதாரக் கல்வி என்றிருந்த படிப்புக்கு இன்று நலவாழ்வு மேம்பாடும் கல்வியும் என்று பெயர். கொல்கத்தாவில் 1932-இல் தொடங்கிய அகில இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனத்திலும் இது உண்டு. இலங்கையில் மிகிந்தலையில் உள்ள ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தில் இதை இளங்கலைப் பட்டமாகவே படிக்கலாம். இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் சீட் கிடைக்காதவர்களுக்கு ஆறுதல் பரிசு அல்ல இது. தனி வித்தை.

என்ன படிப்போம்? நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று கணக்குப் பார்க்கும் நோய்ப் பரவலியல், புள்ளியியல், சத்துணவு, மனிதர்களின் பழக்கவழக்கங்களைப் பற்றிய பாடம், ஊரைக் கூட்டிப் பேசும் முறை, இவ்வளவும் உண்டு. ஆனால் பெரிய பாடம் கள வேலையில்தான் கிடைத்தது.

நாங்கள் போன ஒரு கிராமத்தில் கழிப்பறைகள் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பாதிக்கு மேல் விறகும் வறட்டியும் அடுக்கி வைத்திருந்தது. "ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று எழுதிவிட்டு வந்திருக்கலாம். எங்கள் ஆசிரியர் விடவில்லை. "மொதல்ல அந்தப் பாட்டிகிட்ட கேளுங்க" என்றார். பாட்டி சொன்னார்: "குடிக்கிற தண்ணிக்கே அந்தக் கோடியில இருந்து நாலு நடை நடக்கேன். இதுக்கு ஊத்துற தண்ணிய யாரு தாயி சுமக்கிறது?"

அவ்வளவுதான். பாட்டிக்கு விழிப்புணர்வில் குறைச்சல் இல்லை, குழாயில்தான் குறைச்சல். நோட்டீஸ் அச்சடிப்பதை விட்டுவிட்டு, பஞ்சாயத்தில் குழாய்க்கு மனுக் கொடுக்க ஊராரோடு சேர்ந்து நின்றோம். இதுதான் நலவாழ்வு மேம்பாடு.

இதையேதான் உலகமும் பிறகு ஒப்புக்கொண்டது. 1986 நவம்பரில் கனடாவின் ஒட்டாவா நகரில் உலகச் சுகாதார நிறுவனத்தின் மாநாடு ஒரு சாசனத்தை வெளியிட்டது. நலத்துக்கு உகந்த அரசுக் கொள்கை, உகந்த சூழல், மக்களே கூடிச் செயல்படுதல், தனிமனிதத் திறமை, நோய் வருமுன் காக்கும் மருத்துவச் சேவை என ஐந்து வேலைகளைச் சொன்னது. ஐந்தில் ஒன்றுதான் தனி ஆளுக்குக் கற்றுக்கொடுப்பது. மற்ற நான்கும் அவரைச் சுற்றியுள்ளதைச் சரிசெய்வது.

நமக்கு இது புதிதல்ல. பெருந்தலைவர் காமராசரின் மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982-இல் தொடங்கிய சத்துணவும், 2022-இல் வந்த காலை உணவும், "பிள்ளைகளே, நன்றாகச் சாப்பிடுங்கள்" என்று உபதேசம் செய்யவில்லை. தட்டில் சோற்றை வைத்தன. 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம், கல்வி நிலையத்துக்கு 100 கெஜத்துக்குள் பீடி, சிகரெட் விற்கக் கூடாது என்கிறது. "புகைக்காதே" என்று ஆயிரம் முறை சொல்வதைவிட, கடையைத் தள்ளி வைப்பது பலன் தரும்.

ஏன் இந்த அவசரம்? 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது. இரத்தக் கொதிப்பு, பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல். இன்று காலை மௌன அஞ்சலியின்போது பெயர்களை வாசித்தார்கள். அதில் அறுபது வயதைக் காணாதவர்கள் எத்தனை பேர் என்று நீங்களும் எண்ணியிருப்பீர்கள். இந்த நோய்களுக்கான பழக்கங்கள் பலவும் பதினெட்டு, இருபது வயதில் படிகிறவை. அதாவது, இந்த வளாகத்தில்!

2015-இல் கனடாவின் ஒக்கனாகனில் கூடியவர்கள், பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் நலத்தைப் பாடமாக மட்டும் வைக்காமல், தங்கள் நிர்வாகத்திலும் வளாகத்திலும் கலக்க வேண்டும் என்று தனிச் சாசனமே எழுதினார்கள். அதை வைத்துக்கொண்டு நேற்றுச் சாயந்திரம் நம் வளாகத்தைச் சுற்றி வந்தேன். மாணவிகள் சிலரோடு பேசினேன். ஒரு பெண் தண்ணீர் பாட்டிலைக் காட்டினாள். காலையில் வீட்டில் நிரப்பியது, மாலையில் முக்கால் பாட்டில் அப்படியே இருந்தது. "ஏம்மா குடிக்கலை?" "குடிச்சா பாத்ரூம் போகணுமே மேடம். அங்க போற மாதிரியா இருக்கு?"

நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல், அடக்கிக்கொண்டு இருந்தால் சிறுநீர்த் தொற்று வரும். மாதவிடாய் நாட்களில் வகுப்புக்கே வராமல் இருந்துவிடுகிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று நான் சொற்பொழிவு செய்தால் அது வெட்கக்கேடு. பாட்டி சொன்னதைத்தான் பேத்தியும் வேறு வார்த்தையில் சொல்கிறாள்.

நிர்வாகக் குழுவின் முன் நுழைவாயில் வளைவு கட்டும் யோசனை இருப்பதை அறிவேன். நம் பெயர் பொறித்த வளைவு என்றால் எனக்கும் ஆசைதான். ஆனாலும் உரிமையோடு கேட்கிறேன்: இந்த ஆண்டு நிதியை மாணவிகளின் கழிப்பறைக்கும் குடிநீருக்கும் திருப்புங்கள். கட்டிவிட்டால் மட்டும் போதாது. வளைவை யாரும் தினமும் கழுவ வேண்டாம், கழிப்பறையைக் கழுவ வேண்டும். ஆகவே ஒரு பகுதியில் பழுது பார்த்து, மறு பகுதியை வங்கியில் வைப்பு நிதியாகப் போடுவோம். அதன் வட்டி துப்புரவுப் பணியாளரின் சம்பளத்துக்குக் கைகொடுக்கும். நாப்கின் எரிக்கும் இயந்திரமும், உள்ளே தாழ்ப்பாளும் அவசியம். மேற்பார்வைக் குழுவில் இரண்டு மாணவிகள் இருக்க வேண்டும். எது தேவை என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

மாலை ஐந்து மணிக்கே மைதானத்தைப் பூட்டிவிடாமல் இருப்பதும், கேன்டீனில் பஜ்ஜிக்குப் பக்கத்தில் ஒரு தட்டு சுண்டல் வைப்பதும் காசில்லாமலே நடக்கும். முதல்வர் அவர்கள் மனம் வைத்தால் போதும்.

நம் பெயர் கல்லில் இருக்கட்டும், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் அந்தப் பெண்ணின் பாட்டில் மாலையில் காலியாக இருந்தால், நாம் இங்கே படித்ததற்கு அதுவே அடையாளம். பொதுக்குழுவில் இதை முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் கை தூக்கினால் போதும்.