அலைச்செய்தியும் இணையவழியும்

(காரைக்கால் கிளிஞ்சல்மேட்டில் ஆற்றப்பெற்ற உரையின் சுருக்கம்)



1998-இல் எம்.எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுவைப் பகுதியில் சிற்றூர் அறிவு நடுவங்களைத் தொடங்கிற்று. அவற்றுள் ஒன்று வீராம்பட்டினத்துக் கடற்கரையில் அமைந்தது. அமெரிக்கக் கடற்படையின் வலைப்பக்கத்திலிருந்து நாளும் அலையுயரம் எடுக்கப்பெற்று, ஒலிபெருக்கி வழியே தமிழில் கரையெங்கும் ஒலித்தது. எவனோ தன் போர்க்கப்பலுக்காகக் கணித்த கணக்கு, கட்டுமரத் தமிழனுக்குப் பயன்பட்டது! வழி திறந்திருந்தது; மொழி தமிழாய் இருந்தது. இரண்டில் ஒன்று குறைந்திருப்பினும் அச்செய்தி கரை சேர்ந்திராது.

2004 திசம்பர் 26-ஆம் நாளைப் பற்றிக் கிளிஞ்சல்மேட்டுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அதே காலையில் புதுவையின் நல்லவாட்டில் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் அறிவு நடுவத்தின் கதவை உடைத்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் அறிவித்தனர். 3,500-க்கு மேற்பட்டோர் பிழைத்தனர்.

அத்தகைய வழியை அடைக்க முயன்ற கதையையும் கேளுங்கள். 2015-இல் முகநூல் நிறுவனம் ‘பிரீ பேசிக்சு’ என்னும் திட்டத்தைக் கொணர்ந்தது. அந்நிறுவனம் ஏற்ற சில தளங்கள் மட்டும் விலையின்றி, பிறவற்றுக்குக் கட்டணம். ஏழைக்கு இரங்கிய கொடை போலத் தோன்றும். 1998-இல் இத்தகைய பட்டியல் ஒன்று இருந்திருப்பின், அயல்நாட்டுக் கடற்படையின் அலைப்பக்கத்தை அதில் சேர்க்க யார் எண்ணியிருப்பர்? கடலோடிக்கு வேண்டுவது எது என்பதைக் கடலோடியன்றோ அறிவான்!

நடுவணரசின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பிப்பிரவரி 8-இல் அவ்வேறுபாட்டுக் கட்டணத்தைத் தடுத்தது. நன்று. ஆயின் 2015 மார்ச்சில் அவ்வாணையம் கருத்துக் கேட்டு வெளியிட்ட 118 பக்கத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. பத்து இலக்கத்துக்கு மேற்பட்ட மடல்கள் குவிந்தன. அவற்றுள் வலைஞர் குரல் எத்துணை?

கட்டணத்தால் அடைப்பது ஒருவகை. ஆணையால் அடைப்பது மற்றொருவகை. 2018 மே 22, 23 நாள்களில் தூத்துக்குடியில் இசுடெர்லைட்டை எதிர்த்த மக்கள் சுடப்பட்டு 13 பேர் மாண்டனர். உடனே தூத்துக்குடி, நெல்லை, குமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையம் நிறுத்தப்பட்டது. ஒக்கிப் புயல் குமரிக் கடலோடிகளை விழுங்கி அப்போது ஆறு திங்களே ஆகியிருந்தன! நிறுத்தியது தமிழ்நாட்டரசே; மறைப்பதற்கில்லை. அதற்குக் கருவியான விதிகளோ 2017-இல் தில்லி வகுத்தவை.

எந்நீரில் மீன் பட்டது என்பதை உடன்பிறந்தான் படகுக்கும் உரைக்காதவன் கடலோடி. அவன் கைப்பேசியோ அவன் இருக்குமிடத்தை ஓயாது யாருக்கோ உரைக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகத்து 24-இல் உச்சநயன்மன்றத்தின் ஒன்பதின்மர் ஆயம் தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டின் தரவுக் காப்புச் சட்டமோ, தன் துறைகளுக்கு அதிலிருந்து விலக்களிக்கும் உரிமையை நடுவணரசின் கையிலேயே வைத்துள்ளது.

அடுத்த கருத்துக்கேட்புத் தாள் வரும்போது, அதனைத் தமிழில் தருக என்று இக்கரையூர் ஒவ்வொன்றிலிருந்தும் மடல் போகட்டும். தமிழிலேயே போகட்டும்.